மிஸ் சம்பலின் கையெழுத்து

ஜெர்மனிக்கு நான் போனது ஒரே ஒரு கையெழுத்துக்காக. முப்பது வருடமாகச் சினிமாவில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். யானை கேட்டால் யானை, மழை கேட்டால் நாலு லாரித் தண்ணீர், நடுத்தெருவில் சண்டைக் காட்சி என்றால் அந்தத் தெருவின் சம்மதம் என்று கேட்டதைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் தொழில். இந்த முறை எங்கள் இயக்குநர் கேட்டது ஒரு டான்ஸ்ஹால் பாடகியின் ஒப்புதல். டான்ஸ்ஹால் என்றதும், "ஒரு நாள் வாடகை எவ்வளவு சார்?" என்று கேட்டேன். அது மண்டபம் இல்லை, ஜமெய்க்காவில் பிறந்த ஒரு வகைப் பாட்டு என்று உதவி இயக்குநர்கள் எனக்கு விளக்கினார்கள். சிரித்து முடித்த பிறகுதான் விளக்கினார்கள்.

பாட்டுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. யாரோ தோண்டி எடுத்து ஃபோனில் போட, ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் அதற்கு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். 'டெர்மின் இல்லை, டெர்மின் இல்லை, திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை' என்று கீச்சுக் குரலில் ஒரு பெண் பாடுவாள். டெர்மின் என்பது காதலன் பெயர் என்று இயக்குநர் நினைத்தார். கதாநாயகன் மீன் சந்தையில் ஜீப்பிலிருந்து குதிக்கும் அறிமுகக் காட்சிக்கு அது வேண்டும் என்றார். பாடியவர் பெயர் மிஸ் சம்பல். கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கிறார். எட்டு மின்னஞ்சல் அனுப்பியதற்கு ஒரே ஒரு பதில் வந்தது: நேரில் வந்து கேளுங்கோ.

வியாழக்கிழமை காலை ஹோட்டலில் ஒன்பது வகை ரொட்டி வைத்திருந்தார்கள். எதைத் தட்டினாலும் கதவைத் தட்டிய சத்தம் வந்தது. தண்ணீர் கேட்டேன், சோடா கொடுத்தார்கள். டிராமில் நாற்பது பேர் இருந்தும் ஒரு இருமல்கூட இல்லை. நம் ஊர் துக்க வீடுகள் இதைவிடக் கலகலப்பானவை. சென்னையிலிருந்து இயக்குநர் அழைத்தார். நான் வழக்கமான குரலில் "வந்துட்டேன் சார்" என்றதும் நாற்பது தலைகளும் திரும்பின. அடுத்த நிறுத்தத்தில் நானே மரியாதையாக இறங்கிவிட்டேன். மீதி தூரத்தை நடந்தேன். அதுவும் எதிர்த் திசையில்.

கையில் இருந்த முகவரி காதுக் கருவி விற்கும் ஒரு கடை. கண்ணாடிக்குப் பின்னால் கடலைப் பருப்பு அளவுக் கருவிகளை நகைக்கடை மாதிரி அடுக்கியிருந்தார்கள். வரவேற்பிலிருந்த பெண் என்னிடம் டெர்மின் இருக்கிறதா என்று கேட்டாள். அவளுக்கும் பாட்டு தெரிந்திருக்கிறதே என்று மகிழ்ந்து, "டெர்மின் இல்லை" என்று மெட்டோடு பாடிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. டெர்மின் என்றால் முன்கூட்டி வாங்கும் நேரம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது இல்லாமல் இந்த நாட்டில் யாரையும் பார்க்க முடியாதாம். அடுத்தது மூன்று வாரம் கழித்து. ஆனால் பதினொரு மணிக்கு வரவேண்டிய ஒரு கிழவர் வரவில்லை. காதுப் பரிசோதனை செய்துகொள்வதானால் அந்த இடத்தைத் தரலாம் என்றாள். கையெழுத்துக்காகக் காதைக் கொடுத்தேன்.

உள்ளே வந்தவருக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயதிருக்கும். கட்டையாக வெட்டிய முடி, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. சட்டைப் பையில் சுகந்தி என்று பெயர் அட்டை. "இருங்கோ அண்ணை" என்றார். குரல், சிமெண்ட் கலவையைக் கரண்டியால் வழித்த மாதிரி இருந்தது. தவறான ஆளிடம் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு பொத்தானைத் திணித்துவிட்டார். துணி ஒட்டிய சுவர்கள். கதவு மூடியதும் உலகம் நின்றுபோனது. இடது காதில் வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கேவலமாகிவிடக் கூடாதே என்று இடைவெளி விட்டு இடைவெளி விட்டு அமுக்கினேன்.

கதவைத் திறந்து, "நான் சத்தமே போடேல்லை, நீங்கள் அமத்துறீங்கள்" என்றார்.

இடது காது பாதி போய்விட்டது என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார். படப்பிடிப்பு ஜெனரேட்டர் பக்கத்திலேயே முப்பது வருடம் நாற்காலி போட்ட பலன். பிறகுதான் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர்தான் மிஸ் சம்பல். எந்தக் காட்சிக்கு என்று கேட்டார். மீன் சந்தை என்று சொல்ல வாய் வரவில்லை. அகதிகளுக்காகப் போராடும் கதாநாயகன் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிபந்தனை சொன்னார். இருபது வருடத்துக்கு முந்தின பதிவைத் தர மாட்டார். இப்போதைய குரலில் பாடித் தருவார், அதைப் போடுவதானால் கையெழுத்து. சனிக்கிழமை லைப்சிக் நகரத்தில் பாடுகிறார். வந்து கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

இயக்குநர் ஒத்துக்கொள்வார் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். வெளியே வந்து இயக்குநரை அழைத்து, மேடம் ஒத்துக்கொண்டார் என்று சொன்னேன். எங்கள் தொழிலில் இதைப் பொய் என்பதில்லை, ஏற்பாடு என்போம்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அவருடைய அப்பா தம்பிராசா கூப்பிட்டிருந்தார். எழுபத்து நாலு வயது, ஐந்தடி இரண்டு அங்குலம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இத்தாலிய உணவகம் ஒன்றில் இருபது வருடம் பீட்சா போட்டு ஓய்ந்தவர். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ச் சம்பல். இரண்டு நாள் ரொட்டிக்குப் பிறகு நான் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து அவர் பீட்சாவும் போடட்டுமா என்று கேட்டார். அந்த வீட்டில் வைத்துத்தான் மிஸ் சம்பலின் வரலாறு முழுவதும் கேட்டேன். சொன்னது பெரும்பாலும் அப்பா. மகள் தவறுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

சுகந்திக்குப் பதினாலு வயதில் சனிக்கிழமைதோறும் வீணை வகுப்பு. வகுப்புக்குப் பக்கத்துக் கட்டடம் இளைஞர் மன்றம். அங்கே ஊவ என்கிற ஜெர்மன்காரன், சடைமுடி வைத்தவன், ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி ஜமெய்க்கா இசைத்தட்டுகளைப் போடுவான். வெறும் தாளம் மட்டும் ஓடும், அதன் மேல் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துப் பாடலாம். ஒருநாள் வீணை ஆசிரியை தம்பிராசாவை அழைத்து, பிள்ளைக்கு உடம்பு சரியாகிவிட்டதா, நாலு மாதமாக வரவில்லையே என்று விசாரித்தார். இவர் நேராக இளைஞர் மன்றத்துக்குப் போனார். மகள் ஒரு மேசை மேல் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

"அடிக்கத்தான் போனனான் தம்பி. அத்தனை பேருக்கு முன்னாலை அடிக்க வெக்கமாக் கிடந்தது. முடியட்டும் எண்டு இருந்தன். முடியேக்கை கோவம் போயிட்டுது."

அதற்குப் பிறகு அவரே டிரைவர். பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காதில் பஞ்சு வைத்து, குரங்குத் தொப்பி போட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சிரிக்காமல் நிற்பார். எவனும் கிட்டே வரமாட்டான். பெயரும் அப்படி வந்ததுதான். அறிவிப்பாளன் ஒருவனுக்குச் சுகந்தி தம்பிராசா வாயில் நுழையவில்லை. அந்த நேரம் அவள் பாணுக்குள், அதாவது ரொட்டிக்குள், சம்பல் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அது என்ன என்று கேட்டான், சொன்னாள். மிஸ் சம்பல் ஆகிவிட்டாள்.

'டெர்மின் இல்லை' வெளிநாட்டவர் அலுவலக வரிசையில் பிறந்தது. அப்பாவின் விசாவை நீட்டிக்கும் அன்ட்ராக்குக்கு, அதாவது விண்ணப்பத்துக்கு, பதினேழு வயது மகள்தான் மொழிபெயர்ப்பாளர். ஐந்தாம் முறையாக டெர்மின் இல்லை என்று ஜன்னல் மூடியபோது, படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிவிட்டாள். அந்தப் பாட்டு அவளை ஹாம்பர்க், சூரிச், பாரிஸ் என்று கொண்டுபோய், கடைசியில் கிங்ஸ்டனுக்கே கொண்டுபோனது. ஜமெய்க்காக்காரர்கள் முன் தமிழும் ஜெர்மனும் கலந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். முதல் ஒரு நிமிடம் கூட்டம் சும்மா நின்றதாம். பிறகு எல்லோரும் சட்டி மூடிகளை எடுத்து அடிக்கத் தொடங்கினார்கள். மகளை விரட்டுகிறார்கள் என்று நினைத்து அப்பா மேடையில் ஏறி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சட்டி மூடி அடிப்பது அங்கே உச்சப் பாராட்டு என்று கூட வந்திருந்த ஊவ சொன்னபோது மூவரும் வாடகைக் காரில் பாதி வழி வந்திருந்தார்கள்.

"திரும்பிப் போனனாங்களோ எண்டு கேளுங்கோ அண்ணை," என்றார் சுகந்தி. "போனனாங்கள். இவர் மன்னிப்புக் கேட்டவர், மைக்கிலை. அதுக்கும் மூடி அடிச்சவை."

இருபத்தேழு வயதில் குரல்வளையில் முடிச்சு. அதை அவர் நாலு வாக்கியத்தில் முடித்தார். அறுவைச் சிகிச்சை, ஆறு வாரம் பேசாமல் இருந்தது, மறுபடி வாயைத் திறந்தபோது வேறொருத்தியின் குரல் வந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பழைய மாதிரிப் பாடுவாயா என்று கேட்டார்கள், பிறகு கேட்பதையும் விட்டார்கள். காதுக் கருவி வேலைக்கு மூன்று வருட அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, செய்தார். பன்னிரண்டு வருடம் குளியலறையில்கூடப் பாடவில்லை. ஒருநாள் மதிய இடைவேளையில், நான் உட்கார்ந்த அதே சின்ன அறைக்குள் போய்க் கதவை மூடிப் பாடிப் பார்த்தாராம். வெளியே யாருக்கும் கேட்காது, அதற்காகவே கட்டிய அறை. ஆறு மாதம் அப்படிப் பாடிவிட்டு ஊவவை அழைத்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை ரயிலில் போவதாகத் திட்டம். ஜெர்மன் ரயிலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று எனக்கு எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பலகையில் இருபது நிமிடத் தாமதம் என்று வந்தது, பிறகு ஐம்பது, பிறகு எங்கள் ரயிலையே காணவில்லை. எழும்பூரில் இப்படி நடந்தால் ஸ்டேஷன் மாஸ்டரின் பரம்பரை முழுவதும் பேச்சில் வந்திருக்கும். இங்கே எல்லோரும் அமைதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். வழியனுப்ப வந்த தம்பிராசா வீட்டுக்குப் போகாமல் கார் நிறுத்துமிடத்திலேயே காத்திருந்தார். இந்த ரயிலைத் தனக்கு நாற்பது வருடமாகத் தெரியும் என்றார்.

வேக வரம்பு இல்லாத சாலை என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். தம்பிராசாவுக்கு வரம்பு இருந்தது, தொண்ணூறு. லாரிகள் எங்களை முந்தின. கூண்டு வண்டியில் குதிரை ஏற்றிப் போன ஒரு கிழவி முந்தினாள், குதிரை எங்களைத் திரும்பிப் பார்த்தது. குரலைச் சேமிக்க வேண்டும் என்று சுகந்தி வழி முழுக்கப் பேசவில்லை. வெந்நீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை வாசிக்கக் கண்ணாடி தேடும் ஒவ்வொரு முறையும் நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். ஒரு சீட்டு எனக்கும் வந்தது: 'டிரெக்டர் உண்மையிலை ஓம் எண்டவரோ?' தலையை ஆட்டினேன்.

பாட்டுக் கச்சேரி ஒரு பழைய தொழிற்சாலை முற்றத்தில், மாலை நாலு மணிக்கு. டான்ஸ்ஹால் என்றால் இருட்டு, புகை, விடியும்வரை ஆட்டம் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். சுற்றிலும் குடியிருப்பு, அதனால் இரவில் சத்தம் கூடாதாம். ஆகவே பட்டப்பகல், பளீர் வெயில். காதுக் கவசம் போட்ட குழந்தைகள், நாய்கள், வாட்டிய தொத்திறைச்சி. ஊவவுக்கு அறுபது ஆகிறது. சடைமுடி இன்னும் இருக்கிறது, உச்சியில் மட்டும் இல்லை. என்னைப் பார்த்து அவர் சொன்னதைச் சுகந்தி மொழிபெயர்த்தார்: "உங்கடை சினிமா வந்ததாலை இவளுக்கு இண்டைக்குக் கூட்டம் எண்டு சொல்லுறார்." படமே இன்னும் வரவில்லை. ஃபோன் பாட்டைக் கேட்டு வந்த கூட்டம் அது. இளவட்டங்கள், பாதிப் பேர் இங்கே பிறந்த ஈழத்துப் பிள்ளைகள்.

நாலு பாட்டுப் பாடினார். கூட்டம் மரியாதையாக ஆடியது. ஐந்தாவதாகத் தாளம் மாறியதும் எல்லா ஃபோன்களும் உயர்ந்தன. அவர்கள் எதிர்பார்த்த கீச்சுக் குரல் வரவில்லை. மெதுவாக, அடித் தொண்டையிலிருந்து, "டெர்மின் இல்லை" என்று வந்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் ஃபோனில் பழைய பாட்டைப் போட்டுக் காதில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள்.

பழைய பாட்டில் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு பெண் கெஞ்சுவாள். இப்போது அவர் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டார். சொற்கள் அதேதான். ஆனால் இல்லை என்று சொல்கிற அதிகாரம் முழுவதும் அவர் கையில். திங்கள் இல்லை என்று இடப்பக்கம் பார்த்துச் சொன்னார், செவ்வாய் இல்லை என்று வலப்பக்கம். உதட்டைப் பிதுக்கியவளை நேராகப் பார்த்து, "உனக்கு எண்டைக்குமே இல்லை" என்று பாட்டில் இல்லாத ஒரு வரியைப் போட்டார். அவள்தான் முதலில் கத்தியவள். பிறகு முற்றம் முழுவதும் ஊதலும் விசிலும். ஊவ இசைத்தட்டின் மேல் கையை வைத்துப் பாட்டைப் பின்னால் இழுத்து முதலிலிருந்து விட்டார். இந்த இசையில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்று தம்பிராசா என் நல்ல காதில் சொன்னார். மூன்று முறை இழுத்தார். முப்பது வருடத்தில் எத்தனையோ பாட்டுக்குக் கூட்டம் சேர்த்திருக்கிறேன், தலைக்கு இவ்வளவு என்று பேசி. இந்தக் கூட்டத்துக்கு நான் பிரியாணிகூட வாங்கித் தரவில்லை.

முடிந்ததும் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே பத்திரத்தைக் கேட்டார். பேனாவையும் வாங்கிக்கொண்டார். ஆங்கிலத்தில் மூன்று பக்கம்.

"அண்ணை, இதிலை இப்பத்தைய குரல் எண்டு எங்கை எழுதிக் கிடக்கு?"

எங்கும் எழுதவில்லை. பழைய பதிவு என்று இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. அவருடைய ஆங்கிலத்துக்கு அந்தப் பத்தி கொஞ்சம் கடினம். விரலை ஏதாவது ஒரு வரியில் வைத்து இதுதான் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் அப்படி வாங்கியிருக்கிறேன். விரல் எழுந்தது, வைக்க முடியவில்லை. "இல்லைங்க மேடம். டைரக்டர்கிட்ட நான் இன்னும் கேக்கவே இல்ல. அகதி கதையும் இல்ல, மீன் மார்க்கெட் ஃபைட்டு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை.

"தெரியும். கேக்காததைக் கேட்ட மாதிரித் தலையாட்டுற ஆக்களோடைதான் நான் நாள் முழுக்க வேலை செய்யிறன்."

பத்திரத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். அன்று மாலை, எடுத்து வைத்திருந்த வீடியோவை இயக்குநருக்கு அனுப்பினேன். பழைய குரல் கிடைக்காது, நான் சொன்னது பொய், இருப்பது இதுதான் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு, சென்னையில் வேறு என்ன வேலை தெரியும் நமக்கு என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினோம். சிமெண்ட் மேசையில் தம்பிராசா புட்டும் முட்டைப் பொரியலும் பிரித்து வைத்தார். பக்கத்து மேசையில் ஒரு ஜெர்மன் குடும்பம் நம் புட்டை மணல் என்று நினைத்ததோ என்னவோ, பார்த்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது கவளத்தில் இயக்குநர் அழைத்தார். மூன்று மாதத்துக்கான வசவை முதலில் முடித்தார். பிறகு, "யாருய்யா அந்த ஆளு, வீடியோல பாடுறது?" என்றார்.

மேடம்தான் என்றேன். ஹீரோவுக்கு அது ஒத்து வராது என்றார். ஆனால் ராத்திரி முழுக்க அது காதிலேயே இருந்ததாம். வில்லனுக்குப் போடலாமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார், இன்றே. வில்லன் என்ன செய்வான் என்றால், அரிசி ஆலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்புவான்.

ஃபோனை வைத்துவிட்டு அப்படியே சொன்னேன். எதையும் ஏற்பாடு செய்யவில்லை. வில்லனுக்கு மீசை உண்டு என்பதைக்கூடச் சொன்னேன். தம்பிராசா புட்டை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சுகந்தி முதலில் சிரித்தார், அந்தக் கரகரப்பில் அது வண்டி கிளம்பாத சத்தம் மாதிரி இருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். இரண்டாம் பக்கத்தில் பழைய பதிவு என்ற வரியை அடித்தார். அதன் மேல் 'இந்த வருசத்துக் குரல் மட்டும்' என்று தமிழில் எழுதினார். என்னையும் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட வைத்தார். தன்னுடைய இடம் வந்ததும் பேனா நின்றது.

"அவன் கடைசியிலை சாகிறவனோ?"

"சாவான் மேடம். வில்லனாச்சே."

"பாட்டு முடிஞ்சாப் பிறகோ, முன்னமோ?"

"முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு."

"அப்ப காணும், அவ்வளவு நேரம் போதும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.